அத்திப்பள்ளியில் அரைத்த டிப்

1

எங்கள் மகள் யாழினியின் பள்ளிக்குப் பிரான்ஸிலிருந்து ஒரு கூட்டம் பிள்ளைகள் வந்து இறங்கியிருக்கிறார்கள். கோடை விடுமுறைக்கு முன்னால் இரண்டு ஊர்ப் பிள்ளைகளும் பள்ளி மைதானத்தில் உட்கார்ந்து சேர்ந்து சாப்பிட வேண்டுமாம். ஆளுக்கொரு பதார்த்தம் வீட்டிலிருந்து கொண்டு வந்து, நடுவில் வைத்து, எல்லோரும் பகிர்ந்து உண்ண வேண்டும். பெற்றோர் வரக் கூடாது. இதைச் சொல்லிவிட்டு யாழினி, "நான் அந்தப் பச்சை டிப் செய்யப் போறேன், ஹோசூர் டிப்," என்றாள்.

நான் உடனே போனை எடுத்து டீச்சரைக் கூப்பிட்டேன். டிப் ஆரோக்கியமானதுதான், அதில் குறை ஒன்றும் இல்லை. ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு விஷயம் புரிய வேண்டுமானால் முதலில் இதைச் சொல்லிவிட வேண்டும். யாழினிக்கு வேர்க்கடலை ஆகாது. ஆகாது என்றால் கத்தரிக்காய் சாப்பிட்டால் அரிக்கிற மாதிரி அல்ல. குழந்தையாக இருந்தபோது யாரோ கொடுத்த கடலை மிட்டாயை ஒரு கடி கடித்து, கண் மூடி, முகம் வீங்கி, மூச்சு விசில் அடித்து, ஆம்புலன்ஸில் போனவள். அன்றிலிருந்து அவள் எங்கே போனாலும் கூடவே ஒரு அட்ரினலின் ஊசிப் பேனா போகிறது. தொடையில் குத்தினால் மூச்சு திரும்பும். அதற்குள் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

இங்கிலாந்தில் இதற்கெல்லாம் முறை இருக்கிறது. வருஷா வருஷம் பள்ளிக்கு ஒரு படிவம், மருத்துவர் கையெழுத்து, போட்டோ. அந்தப் போட்டோ பள்ளிச் சமையலறைச் சுவரில், போலீஸ் தேடுகிற ஆள் படம் மாதிரி ஒட்டியிருக்கும். நான் இந்த ஊருக்கு வந்து கற்றுக்கொண்ட ஆங்கிலத்தில் பாதி இந்தப் படிவங்களில் கற்றுக்கொண்டதுதான். ஆனால் பிரெஞ்சுப் பிள்ளைகள் கொண்டு வருகிற கேக்கில் என்ன இருக்கும் என்று எந்தப் படிவத்தில் எழுதியிருக்கிறது? டீச்சரிடம் நான் இரண்டு முறை பேசிவிட்டேன். மூன்றாம் முறை போனை எடுத்தபோது யாழினி பிடுங்கி வைத்துவிட்டாள்.

"அம்மா, எனக்குப் பதினொண்ணு வயசு," என்றாள் ஆங்கிலத்தில்.

ஏழு வயதில் உனக்கு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியுமடி என்று நான் தமிழில் சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. அதை இங்கே எழுதுகிறேன்.

2

என் அண்ணன் முருகேசன் ஹோசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான். எங்களுக்குப் பூர்வீகம் விருதுநகர்ப் பக்கம். அண்ணனுக்கு ஐடிஐ முடித்ததும் சிப்காட்டில் வேலை கிடைத்தது. அப்பா தவறிய பிறகு என்னையும் அம்மாவையும் அவனே அங்கே அழைத்துப் போனான். நான் பள்ளி, கல்லூரி எல்லாம் படித்தது ஹோசூரில். ஆக, இங்கிலாந்துக்கு வருவதற்கு முன்பே நான் ஒரு முறை புலம்பெயர்ந்தவள்தான்.

ஆனால் அங்கே இருந்த காலம் முழுக்க நான் கன்னடமும் கற்கவில்லை, தெலுங்கும் கற்கவில்லை. பஸ்ஸில் பக்கத்து ஆள் ஏறும்போது ஒரு பாஷை, உட்கார்ந்த பிறகு ஒரு பாஷை, சில்லறைக்குச் சண்டை போடும்போது ஒரு பாஷை என்று பேசுகிற ஊர் அது. நாங்கள் தெற்கத்தி ஆட்கள். நமக்குத் தமிழ் இருக்கிறது, போதும் என்று இருந்துவிட்டோம்.

அண்ணி சரசு அப்படி இல்லை. தேன்கனிக்கோட்டைக்காரி. வீட்டில் தெலுங்கு, வயலில் கன்னடம், பள்ளிக்கூடத்தில் தமிழ் என்று வளர்ந்தவள். அண்ணனைக் கல்யாணம் செய்து ஜூஜூவாடிக்கு வந்தாள். ஜூஜூவாடி என்பது தமிழ்நாட்டின் கடைசி ஊர். தெருமுனையில் நெடுஞ்சாலை, அதில் செக்போஸ்ட்டுக்குக் காத்திருக்கிற லாரிகளின் வரிசை, அந்தப் பக்கம் அத்திப்பள்ளி, கர்நாடகம்.

யாழினிக்கு ஏழு வயது ஆனபோது, மே மாதத்தில், அவளை மட்டும் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போனேன். அவள் அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. விமான நிலையத்தில் ஊசிப் பேனாவைப் பிரித்துப் பார்த்து, கடிதத்தைப் படித்து, மேலதிகாரியைக் கூப்பிட்டு, மறுபடியும் கடிதத்தைப் படித்து ஒரு வழியாக விட்டார்கள். ஹோசூர் போய்ச் சேர்ந்தால் அங்கே கடலை இல்லாத வீடே இல்லை. சட்னியில் கடலை, பொடியில் கடலை, பொரியில் கடலை, தாளிப்பதும் கடலெண்ணெயில்.

போன் செய்து முன்பே சொல்லியிருந்தேன். அண்ணி வாசலிலேயே சொன்னாள்: "பாமா, நீ ஒண்ணியும் பயப்படாத. கடலை டப்பா, எண்ணெய் டின்னு, பொடி எல்லாம் மேல் வூட்டுக்காரங்க கிட்ட குடுத்துட்டன். பாத்திரம் எல்லாம் சாம்பல் போட்டுத் தேச்சாச்சு. பாப்பா போற வரைக்கும் இந்த வூட்ல கடலையே கிடையாது."

அண்ணன் சிரித்தான். "இதெல்லாம் அங்கிட்டு டாக்டருக கிளப்பி விடுறது. கொஞ்சங் கொஞ்சமாக் குடுத்துப் பழக்குனா எல்லாம் சரியாப் போயிரும். நாம என்ன இதையெல்லாம் பாத்தா வளந்தோம்?"

நான் கத்தினேன். வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் கத்தினேன். அதன் பிறகு அவன் அந்தப் பேச்சை என் முன்னால் எடுக்கவில்லை. ஆனால் எடுக்காததாலேயே எனக்குப் பயம் அதிகமானது. யாழினியை அவன் மடியில் பார்க்கும்போதெல்லாம் அவன் சட்டைப் பையை ஒரு பார்வை பார்ப்பேன்.

3

அண்ணன் வீட்டுத் தெருவில் ஒரு வழக்கம். கோடை விடுமுறையில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் யாராவது ஒருவர் வீட்டு மொட்டை மாடியில் எல்லோரும் கூடுவார்கள். ஒருத்தர் பொரி, ஒருத்தர் வடை, ஒருத்தர் தர்பூசணி. அந்த ஞாயிறு எங்கள் முறை. பிள்ளைகளுக்கு எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம், நான் பச்சைக் காய்கறியில் டிப் செய்கிறேன் என்றேன்.

"டிப்புன்னா இன்னாம்மா?" என்றாள் அண்ணி.

"கெட்டியா அரைச்சு வெச்சு, அதுல காயைத் தொட்டுச் சாப்பிடறது."

"அப்ப சட்னி."

"சட்னி இல்ல அண்ணி."

"சரி, சட்னி மாதிரி இல்லாத சட்னி."

காலையில் தளியிலிருந்து வந்த காய்கறி வண்டியில் பச்சைப் பட்டாணி, பாலக்கீரை, கொத்தமல்லி, புதினா எல்லாம் வாங்கினோம். தொட்டுச் சாப்பிட வெள்ளரி, கேரட், பிஞ்சு முள்ளங்கி. முதல் நாளே தயிரைத் துணியில் கட்டித் தண்ணீர் வடியத் தொங்கவிட்டிருந்தேன். பட்டாணியைப் பச்சை நிறம் போகாமல் அரை வேக்காடு வேக வைத்துக் குளிர்ந்த தண்ணீரில் போட வேண்டும். கீரையை வெந்நீரில் ஒரு முக்கு முக்கி எடுத்தால் போதும். இரண்டையும் கொத்தமல்லி, புதினா, ஒரு பச்சை மிளகாய், இரண்டு பல் பூண்டு, வறுத்த சீரகத்தோடு வழவழவென்று அரைத்து, கடைசியில் கட்டித் தயிரும் எலுமிச்சையும் உப்பும் கலக்க வேண்டும். தண்ணீர் ஒரு சொட்டுக் கூடாது. அவ்வளவுதான் செய்முறை.

யாழினியும் அண்ணியும் அடுக்களைத் தரையில் உட்கார்ந்து பட்டாணி உரித்தார்கள். இருவரும் ஏதோ பாட்டுப் போல ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒரு முறை தமிழ், ஒரு முறை தெலுங்கு, ஒரு முறை கன்னடம். தப்பாகச் சொன்னால் அண்ணி ஒரு பட்டாணியை அவள் தலையில் போடுவாள், இவள் கெக்கெக்கென்று சிரிப்பாள். நான் சரியாகக் காது கொடுக்கவில்லை. எனக்கு எரிச்சல்தான் வந்தது. இந்தப் பிள்ளையிடம் 'அம்மா தண்ணி குடு' என்று தமிழில் வாங்குவதற்குள் எனக்குத் தொண்டை வற்றிப்போகிறது, இதில் கன்னடம் ஒரு கேடா என்று முணுமுணுத்துவிட்டு, மாடியைக் கூட்டிப் பாய் விரிக்கப் போனேன்.

அரைக்கலாம் என்று நினைத்த நேரத்தில் கரண்ட் போனது.

4

ஜூஜூவாடியில் கரண்ட் போனால் யாரும் பெரிதாக அலட்டிக்கொள்வதில்லை. இந்தப் பக்கம் இல்லாதபோது அந்தப் பக்கம் இருக்கும், அந்தப் பக்கம் இல்லாதபோது இந்தப் பக்கம் இருக்கும். ஊற வைத்த அரிசியைத் தூக்குச்சட்டியில் போட்டு, வண்டியில் மாநில எல்லையைத் தாண்டி, தெரிந்தவர் வீட்டில் மாவாக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். அங்கிருந்தும் அப்படியே இங்கே வரும். எந்தச் செக்போஸ்ட்டும் இட்லி மாவை நிறுத்தியதில்லை.

நான் மாடியிலிருந்து இறங்கி வந்தபோது அடுக்களை மேடை காலியாக இருந்தது.

"எல்லாத்தையும் தூக்குல போட்டு எடுத்துனு உங்கண்ணன் அத்திப்பள்ளிக்குப் போயிட்டாரு. நாகராஜ் வூட்ல அரைச்சுனு வந்துடுவாரு," என்றாள் அண்ணி. நாகராஜ் அண்ணனோடு வேலை செய்கிறவர்.

"யாழினி எங்க?"

"அவளும் வண்டில ரவுண்டு போறன்னு ஏறிக்கினா."

ஊசிப் பேனா இருந்த பை ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் அதைப் பார்த்தேன். அண்ணியும் பார்த்தாள். அப்போதுதான் அவள் முகம் மாறியது. கையை நெற்றியில் வைத்தாள்.

"ஐயோ பாமா. ஜெயம்மா பொடி அரைக்கிற ஜாரு."

ஜெயம்மா நாகராஜின் மனைவி. அவள் கடலைக்காய்ச் சட்னிப் பொடி அரைத்து அந்தத் தெரு முழுக்கக் கொடுக்கிறவள். அண்ணி மேல் வீட்டுக்கு அனுப்பிய பொடியே அவள் கொடுத்ததுதான். பொடி அரைக்கிற ஜாரை நம் பக்கத்தில் யாரும் கழுவ மாட்டார்கள். ஈரம் பட்டால் அடுத்த பொடி கெட்டுப்போகும் என்று உலர்ந்த துணியால் துடைத்துக் கவிழ்த்துவிடுவார்கள். இங்கிலாந்தில் எந்தப் படிவமும் இதைக் கேட்டதில்லை. எனக்கும் தோன்றியதில்லை.

அண்ணனின் செல்லுக்குப் போட்டேன். அப்போதெல்லாம் அத்திப்பள்ளிக்குள் நுழைந்துவிட்டால் தமிழ்நாட்டு சிம் வெளிமாநில ரோமிங்குக்குப் போய்விடும், காசு இல்லாவிட்டால் மணியே அடிக்காது. அண்ணன் எப்போதும் காசு போடாமல் வைத்திருக்கிறவன். ஒரு பெண் குரல், தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று மூன்று மொழிகளில் சொன்னது. நாகராஜ் வீட்டில் போன் இல்லை.

பையை எடுத்துக்கொண்டு ஓடினோம். தெருமுனையில் கிடைத்த ஆட்டோ செக்போஸ்ட்டுக்கு முன்னால் நின்றுவிட்டது. "அந்தப் பக்கம் வரமாட்டன்மா, பர்மிட் இல்ல, புடிச்சுக்குவாங்க," என்றான். இரட்டிப்பாகத் தருகிறேன் என்றேன். அவன் மாட்டேன் என்று தலையாட்டிவிட்டான். அங்கிருந்து லாரிகளுக்கு நடுவில் ஓடினோம். டீசல் புகையில் எனக்கே மூச்சு முட்டியது. அண்ணன் அன்று வாசலில் சொன்னதுதான் காதில் ஓடிக்கொண்டே இருந்தது. கொஞ்சங் கொஞ்சமாக் குடுத்துப் பழக்கணும். கொஞ்சங் கொஞ்சமா. அண்ணி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எனக்கு முன்னால் ஓடினாள். அவள் காலில் செருப்பு இல்லை என்பதை அத்திப்பள்ளியில்தான் கவனித்தேன்.

5

நாகராஜ் வீட்டு வாசலில் அண்ணனின் வண்டி நின்றது. உள்ளே சத்தமே இல்லை. வீட்டுக்குப் பின்னால் போனோம்.

துவைக்கிற கல்லின் மேல் யாழினி உட்கார்ந்திருந்தாள். ஜெயம்மா குழாயைத் திறந்துவிட்டு அவள் கையையும் வாயையும் மறுபடி மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் சாக்கடையோரம் பச்சையாக ஏதோ கொட்டிக் கிடந்தது. அண்ணன் சுவரில் சாய்ந்து, வெறும் தூக்குச்சட்டியைப் பிடித்தபடி நின்றான்.

யாழினியின் கீழுதடு ஒரு ஓரத்தில் தடித்திருந்தது. மோவாயில் இரண்டு சிவப்புத் திட்டுகள். நான் பையில் இருந்த அலர்ஜி மருந்தை எடுத்து அவள் வாயில் ஊற்றினேன். ஊசிப் பேனாவின் மூடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அவள் நெஞ்சையே பார்த்தேன். "மூச்சு விடு. பேசு. ஏதாவது பேசு," என்றேன். அவள், "அம்மா, நான் சாப்பிடலை," என்றாள். குரல் தெளிவாக இருந்தது. அப்போதும் என்னால் மூடியைத் திரும்பப் போட முடியவில்லை. அடுத்த தெருவில் இருந்த டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனோம். அவர் பார்த்துவிட்டு, இங்கேயே உட்காருங்கள், நான் சொன்ன பிறகு போகலாம் என்றார். அந்த பெஞ்சில் நான் பேனாவோடு உட்கார்ந்திருந்தேன். திட்டுகள் மெதுவாக மங்கின. வெயில் சாயும்வரை அவர் எங்களை எழுந்திருக்க விடவில்லை.

அந்த பெஞ்சில்தான் நடந்தது தெரிந்தது. ஜெயம்மா கன்னடத்தில் சொன்னாள், அண்ணி எனக்குத் தமிழில் சொன்னாள். ஜெயம்மா கோலார்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்தவள், தமிழ் வராது. முதல் சுற்று அரைத்ததும், உப்புப் பார்க்கச் சொல்லி விரலில் கொஞ்சம் எடுத்து யாழினியின் வாயருகே கொண்டுபோயிருக்கிறாள். வீட்டுக்கு வந்த குழந்தைக்குத்தானே முதல் வாய். அதற்குள் யாழினி ஜாரின் விளிம்பில் ஒட்டியிருந்த கடலையின் சிவப்புத் தோலைப் பார்த்துவிட்டாள்.

"நோ நட்ஸ்," என்றாளாம். ஜெயம்மா சிரித்தாளாம்.

"கடலை வேண்டாம் மாமா," என்றாளாம் என் அண்ணனிடம்.

அண்ணன் சொன்ன பதிலை அண்ணனே சொன்னான். யாரும் கேட்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "சும்மா நக்கிப் பாரு தாயி, ஒண்ணும் ஆகாதுன்னேன்."

ஜெயம்மாவின் விரல் உதட்டில் பட்டுவிட்டது. யாழினி முகத்தைத் திருப்பிக்கொண்டு, அந்தப் பாட்டை, காலையில் பட்டாணி உரிக்கும்போது நான் எரிச்சல்பட்ட அந்த வரியை, கன்னடத்தில் சொல்லியிருக்கிறாள். "நனகெ கடலேகாயி பேடா. திந்த்ரெ உசிரு நிந்தோகுத்தெ." எனக்குக் கடலை வேண்டாம். தின்றால் மூச்சு நின்றுவிடும்.

ஜெயம்மா விரலை நெருப்பில் பட்டது போல இழுத்துக்கொண்டாளாம். ஜாரிலும் தூக்கிலும் இருந்த எல்லாவற்றையும் சாக்கடையில் கொட்டிவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு குழாய்க்கு ஓடியிருக்கிறாள்.

நான் அண்ணியைப் பார்த்தேன்.

"இந்த ஊர்ல எந்த வாசலுக்குள்ள போவான்னு நமக்கு எப்டித் தெரியும் பாமா? அதான் மூணுலயும் சொல்லிக் குடுத்தன்," என்றாள் அவள். பெரிதாக எதுவும் செய்தது போல அவள் சொல்லவில்லை. அவள் கால் விரலில் ரத்தம் வந்துகொண்டிருந்தது. நான் அவள் தோளில் சாய்ந்து அழுதேன். அண்ணன் மேல் இருந்த ஆத்திரமும் அழுகையாகவே வந்தது.

6

மாடிக் கூட்டம் மறுநாளைக்குத் தள்ளிப்போனது. மறுநாளும் கரண்ட் இல்லை. அண்ணி புதிதாக வாங்கின பட்டாணியையும் கீரையையும் கழுவின உரலில் போட்டு இடித்தாள். வழவழப்பு வரவில்லை, கொஞ்சம் திப்பியாகத்தான் இருந்தது. ஆனால் தெருப் பிள்ளைகள் வெள்ளரித் துண்டை அதில் முக்கி முக்கித் தின்று, பச்சை மீசையோடு அலைந்தார்கள். ஜெயம்மாவும் நாகராஜும் வந்தார்கள். ஜெயம்மா வாசலிலேயே நின்று, சோப்புக் கேட்டு வாங்கிக் கை கழுவிவிட்டுத்தான் உள்ளே வந்தாள்.

அண்ணன் என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் அப்படிக் கேட்கிற பழக்கம் கிடையாது. ஆனால் அன்றிலிருந்து நாங்கள் கிளம்புகிற நாள்வரை, யாழினியைத் தொடுவதற்கு முன்னால் அவன் குழாயடிக்குப் போவான். தொழிற்சாலை கேன்டீனில் கடலை போட்ட பொரி கொடுத்தால் இப்போதும் தொடுவதில்லை என்று அண்ணி போனில் சொன்னாள். இங்கே யாருக்கு மூச்சு நிற்கப் போகிறது என்று நண்பர்கள் கேலி செய்வார்களாம்.

7

இன்று காலை யாழினி தானாகவே டிப் செய்தாள். மிக்ஸி ஜாரை, அது நம் வீட்டு ஜார் என்று தெரிந்தும், மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்துக் கழுவினாள். அரைக்கும்போது உதடு அசைந்துகொண்டே இருந்தது. கிட்டே போய்க் கேட்டேன். பிரெஞ்சு. பள்ளி டீச்சரிடம் கேட்டு எழுதி, ஒரு வாரமாக மனப்பாடம் செய்கிறாளாம். என்னிடம் சொல்லவே இல்லை.

"எனக்கும் சொல்லிக் குடு," என்றேன்.

"உனக்கு எதுக்கும்மா? நீ வரப் போறதில்லையே."

பள்ளி வாசலில் இறக்கிவிட்டேன். டிப் கிண்ணத்தை ஒரு கையில் ஏந்திக்கொண்டாள், ஊசிப் பேனாவை இடுப்புப் பையில் தட்டிப் பார்த்துக்கொண்டாள். எனக்கு ஒரு டாட்டா கூடக் காட்டாமல், ஒரு பிரெஞ்சுப் பெண்ணின் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். எனக்கு அது வலித்தது. காரை எடுத்து அடுத்த தெருவில் நிறுத்திவிட்டேன். அதற்கு மேல் ஓட்ட முடியவில்லை. அண்ணிக்குப் போன் போட்டேன்.

"பாப்பாவை அனுப்பிட்டியா?"

"அனுப்பிட்டேன் அண்ணி. பிரெஞ்சுல சொல்லக் கத்துக்கிட்டிருக்கா."

"அப்டியா! அது எப்டிச் சொல்றது? எனக்கும் சொல்லு."

"எனக்குத் தெரியாது அண்ணி. சரியாச் சொல்றாளா தப்பாச் சொல்றாளான்னுகூட எனக்குத் தெரியலை."

அந்தப் பக்கம் லாரி ஹாரன் கேட்டது. ஜூஜூவாடியில் மதியம் ஆகியிருக்கும்.

"நீ இப்ப எங்க இருக்கற?"

"ஸ்கூல் பக்கத்துலதான். கார்ல."

"வூட்டுக்குப் போ பாமா," என்றாள். "அன்னிக்கும் அவ உனக்குத் தெரியாத பாசையிலதான பொழைச்சா."

நான் காரைக் கிளப்பினேன்.